கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்

"கியர் பாக்ஸ் போச்சுன்னு சொல்லிட்டாங்கணா." இப்படிச் சொல்லிக்கொண்டு என் கடைக்கு வந்த ஆட்டோமேட்டிக் கார்களில் பலவற்றுக்குக் கியர் பாக்ஸை இறக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. நான் கியர் பாக்ஸ் மேஸ்திரி அல்ல. கோவையில் கார் வயரிங் வேலை பார்ப்பவன். செல்ஃப் மோட்டார், டைனமோ, ஹாரன், ஹெட்லைட் என்றுதான் தொழிலைத் தொடங்கினேன். அப்போது கியர் பாக்ஸில் எங்களுக்கென்று இருந்த இடம் ரிவர்ஸ் லைட் சுவிட்ச் ஒன்றுதான். இன்றைக்கு ஆட்டோமேட்டிக் வண்டி வந்தால் மேஸ்திரியும் நானும் பானெட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டியிருக்கிறது. யார் கையில் முதலில் ஸ்பேனர் ஏறுகிறது என்பதைப் பொறுத்து ஓனரின் செலவு ஆயிரமா லட்சமா என்பது முடிவாகிறது.

ஆட்டோமேட்டிக் கியருக்கு மின்சாரம் பிறவியிலேயே வந்ததல்ல. 1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஹைட்ரா-மேட்டிக்கில் கியரை முடிவு செய்ததும் மாற்றியதும் ஆயில் அழுத்தம்தான். வண்டியின் வேகத்துக்கு ஏற்பச் சுழலும் கவர்னர் ஒரு பக்கமிருந்து தள்ளும். ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்பது மறுபக்கமிருந்து தள்ளும். எது மிஞ்சுகிறதோ அந்தப் பக்கம் வால்வு நகரும். இன்றைய கியர் பாக்ஸிலும் கிளட்ச் தட்டுகளை அமுக்கிப் பிடிப்பது ஆயில்தான். எந்தக் கியர், எப்போது என்ற முடிவை மட்டும் டிசிஎம் என்கிற சின்னக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. உள்ளே நுழையும் வேகம், வெளியேறும் வேகம், ஆயிலின் சூடு, லீவர் எந்த இடத்தில் இருக்கிறது, பிரேக் மிதித்திருக்கிறதா என்று பல வயர்களில் சேதி வாங்கிக்கொண்டு, சில வயர்களில் உத்தரவு அனுப்புகிறது. உத்தரவு போய்ச் சேரும் இடம் சோலினாய்டு: ஒரு செப்புச் சுருள், நடுவில் நகரும் ஓர் இரும்புத் தண்டு. மின்சாரம் வந்தால் ஆயில் போகும் வழி மாறும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை என்று டிசிஎம்முக்குத் தெரிந்தால் என்ன செய்யும் என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. எல்லாச் சோலினாய்டுகளுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிடும். மின்சாரமே இல்லாவிட்டால் ஆயில் தானாக எந்தக் கியரில் போய் நிற்குமோ அந்தக் கியரில் வண்டி நிற்கும். வண்டிக்கு வண்டி அது மூன்றாகவோ நான்காகவோ இருக்கும். லிம்ப் மோட் என்பது இதுதான். கூடவே இன்னொன்றும் நடக்கும். பெரும்பாலான கியர் பெட்டிகளில் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுப்பதே மின்சாரத்தின் வேலை. அது போனதும் ஆயில் முழு அழுத்தத்தில் பாயும். நியூட்ரலிலிருந்து டி-க்குப் போட்டால் வண்டி 'டொம்' என்று அதிரும். சிக்னலில் நின்று எடுக்கும்போது ஆமை வேகம்; லீவரைத் தள்ளினால் இடி. ஓனருக்கு மட்டுமல்ல, அனுபவமுள்ள மேஸ்திரிக்கும் உள்ளே பல்சக்கரம் உடைந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் அந்த இடி, பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் சத்தம். தட்டுகள் வழுக்கிக் கருகாமல் இருக்கத்தான் அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது.

வால்பாறையிலிருந்து ஒருவர் வந்தார். டீ எஸ்டேட்டில் வேலை, வாரக் கடைசியில் பொள்ளாச்சிக்கு இறங்கி ஏறுகிறவர். வேறோர் இடத்தில் ஆயிலையும் ஒரு சோலினாய்டையும் மாற்றியாகிவிட்டது. அப்படியும் தீரவில்லை என்றதும், கியர் பாக்ஸையே மாற்றிவிடலாம் என்று பெரிய தொகை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"எங்க சார் நிக்குது?"

"ஆழியாறு வரைக்கும் ஒண்ணுமே இல்ல தம்பி. வளைவு ஏற ஆரம்பிச்சதும் டி லைட் மினுக் மினுக்குன்னு அடிக்கும். அப்புறம் இழுக்காது. மூணாவது வளைவுலயும் வரும், ஒம்பதாவதுலயும் வரும்."

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"சாவிய ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிடும். அடுத்த ரெண்டு மூணு வளைவு நல்லாப் போகும். மறுபடியும் அதே கதை."

"கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் போடுவீங்களா, உடனேயேவா?"

"பின்னாடி பஸ்காரன் நின்னு ஹாரன் அடிக்கிறான். ஆறவிட எங்க நேரம்? ஆஃப் பண்ணின கையோட ஆன் பண்ணுவேன்."

ஸ்கேனரை மாட்டுவதற்கு முன்பே பாதி தெரிந்துவிட்டது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஏற்றத்தில் கியர் ஆயில் நன்றாகச் சூடேறும். சூட்டில் சோலினாய்டுச் சுருள் விரிந்து அறுபடுவதும், ஆறியதும் ஒட்டிக்கொள்வதும் உண்மையில் நடப்பதுதான். முந்தைய இடத்தில் அதை மாற்றியதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சூடு காரணம் என்றால், சாவியை ஆஃப் செய்து அந்த நொடியே போட்டால் சரியாகாது. லிட்டர் கணக்கில் இருக்கும் ஆயில் ஒரு நொடியில் ஆறாது. சாவி திருப்பியது வெறுமனே டிசிஎம்மை லிம்ப் மோடிலிருந்து விடுவிக்கிறது. அதற்குள் அறுந்தது ஒட்டிக்கொள்கிறது. சூட்டில் அறுந்தது இப்படி ஒட்டாது. அசைவில் அறுந்ததுதான் ஒட்டும்.

ஸ்கேனரில் இரண்டு எண்கள் இருந்தன. பி0700 என்பது வெறும் தபால்காரன் (கியர் கம்ப்யூட்டருக்கு ஏதோ குறை, அங்கே போய்க் கேள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை). பி0753 தான் சேதி: முதல் ஷிஃப்ட் சோலினாய்டின் மின்பாதையில் கோளாறு. இந்தப் 'பாதை' என்ற சொல்லைத்தான் யாரும் படிப்பதில்லை. சோலினாய்டு என்ற சொல் கண்ணில் பட்டதும் பார்ட் நம்பரைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். டிசிஎம்முக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரில் தொடங்கி, அதன் கப்ளர், பானெட்டுக்குள் வளைந்து வளைந்து வரும் வயர், கியர் பாக்ஸ் கப்ளர், உள்ளே ஆயிலில் மூழ்கிய வயர், சுருள், கடைசியில் எர்த் என்று அத்தனையும் சேர்ந்ததுதான் அந்தப் பாதை. எங்கே அறுந்தாலும் வருவது ஒரே எண்தான்.

அந்த வண்டியில் முதல் ஷிஃப்ட் சோலினாய்டுக்கு மின்சாரம் கிடைப்பது ஒன்றாம் கியரிலும் இரண்டாம் கியரிலும். மலையேறும்போது வண்டி அந்த இரண்டிலேயேதான் கிடக்கும். பொள்ளாச்சி ரோட்டில் மூன்று, நான்கு என்று மேலேயே ஓடும். சமவெளியில் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே வரலையே" என்று ஒருவர் சாவியைத் திருப்பிக் கொடுத்திருந்தாராம். வராதுதான்.

மீட்டரை வைத்தேன். ஜப்பான் பாணிப் பெட்டிகளில் ஷிஃப்ட் சோலினாய்டு சாதாரணச் சூட்டில் 11 முதல் 15 ஓம்ஸ் வரை காட்ட வேண்டும். இது 13 காட்டியது. டிசிஎம் முனையிலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய அதே 13. இந்த இடத்தில் பலர் "வயரிங் நல்லாருக்கு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஓம்ஸ் பார்க்கும்போது மீட்டர் அனுப்புவது மிகமிகச் சிறிய மின்சாரம். வயருக்குள் இருக்கும் இழைகளில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் அது போய்ச் சேர்ந்துவிடும். சோலினாய்டு கேட்பதோ கிட்டத்தட்ட ஓர் ஆம்பியர். தவிரவும் வண்டி நிற்கும்போது, இன்ஜின் அசையாதபோது அளந்த கணக்கு அது. ஓடும்போது கெடுகிற வயரை நிற்கும்போது அளந்து என்ன பயன்?

இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. குறுக்குவாட்டில் இன்ஜின் வைத்த முன்சக்கர வண்டியில், முன்னுக்கு இழுக்கும்போது இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்து ஒரு பக்கம் சாயும். ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் சாயும். டிசிஎம்மோ பாடியில் அசையாமல் இருக்கிறது. ஆக, இரண்டுக்கும் நடுவில் போகும் வயர் ஒவ்வொரு ஏற்றத்திலும் இழுபடுகிறது. அசைவுதான் காரணம் என்றால் மலைக்குப் போக வேண்டாம், கடை வாசலிலேயே மலையை உண்டாக்கலாம். ஹேண்ட் பிரேக், கால் பிரேக் இரண்டையும் முழுக்க அமுக்கி, டி-யில் வைத்து ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால் போதும். சக்கரம் சுற்றாது, இன்ஜின் சாயும். ஐந்து நொடிக்கு மேல் கூடாது. இன்ஜினையும் கியர் பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள் ஆயில் வெந்துவிடும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது, டீ கொண்டுவரும் பையன் உட்பட.

மீட்டரை வைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். சிவப்பு முனையை டிசிஎம் கப்ளரின் பின்பக்கம் ஊசி செருகி வைத்தேன், கறுப்பு முனையை அதே வயரின் மறுகோடியில், கியர் பாக்ஸ் கப்ளரில். எர்த்தைத் தொடவில்லை. ஒரே வயரின் இரண்டு முனைகளுக்கு நடுவில் வோல்ட் பார்க்கிறேன். வயர் நன்றாக இருந்தால் அதில் வோல்ட் விழக் கூடாது, 0.1க்குள் நிற்க வேண்டும். அறுந்தால் பேட்டரியின் முழு வோல்ட்டும் அங்கேயே விழும். ஆனால் அறுந்ததை டிசிஎம் கண்டுபிடித்த கணமே மின்சாரத்தை நிறுத்திவிடும். மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கண் சிமிட்டினால் போச்சு. அதனால் மீட்டரில் 'மேக்ஸ்' பட்டனை அமுக்கி வைத்தேன். மல்டிமீட்டரில் அந்தப் பட்டன் எதற்கு இருக்கிறதென்று கடைக்கு வரும் பிள்ளைகள் கேட்பதேயில்லை.

தம்பி ஒருவனை உட்காரவைத்து ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொன்னேன். இன்ஜின் சாய்ந்தது, டி லைட் மினுக்கியது. மீட்டரில் 13.4 வோல்ட் பதிவாகி நின்றது. அழித்துவிட்டு ரிவர்ஸில் செய்தோம். இன்ஜின் அந்தப் பக்கம் சாய்ந்தது, மீட்டர் அசையவில்லை. கியர் பாக்ஸுக்குள் ஒன்றுமில்லை, டிசிஎம்மிலும் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள வயரில்தான் இருக்கிறது.

பேட்டரி டிரேயைக் கழற்றியதும் தெரிந்தது. வயர் கட்டைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டின் கிளிப் அங்கே இல்லை. முன்னர் எப்போதோ டிரேயைக் கழற்றிய யாரோ அதைத் திரும்ப மாட்டவில்லை. தொங்கலாக இருக்க வேண்டிய கட்டு, தாறுமாறாக இழுபட்டு விறைத்து நின்றது. வெளி உறையில் ஒரு கீறல்கூட இல்லை. ஒவ்வொரு வயராக விரலில் பிடித்து மெல்ல இழுத்தேன். முதல் சோலினாய்டின் வயர் மட்டும் ஜவ்வு மிட்டாய் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு இருக்கிற வயர் நீளாது. வெறும் பிளாஸ்டிக்தான் நீளும். உறையைக் கீறியபோது இழைகள் எல்லாம் முறிந்து, முனையோடு முனை தொட்டுக்கொண்டு நின்றன. வண்டி நிற்கும்போது அந்தத் தொடலில்தான் 13 ஓம்ஸ் காட்டியிருக்கிறது.

ஒட்டுப்போடுவதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் பானெட் சூட்டில் பசை இளகி வழிந்துவிடும், மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே போகும். கெட்ட பகுதியை இரண்டு பக்கமும் செம்பு பளபளக்கும் வரை வெட்டி எறிந்து, அதே கனமுள்ள வயரைக் கொஞ்சம் கூடுதல் நீளத்தில் கொடுத்து, பற்றவைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். பிராக்கெட்டுக்கு ஒரு கிளிப். அவர் வால்பாறை ஏறிப் போய்ச் சேர்ந்து போன் செய்தார்.

எல்லாமே இவ்வளவு சுற்றுவதில்லை. லீவர் பி-யிலிருந்து வரவே மாட்டேன் என்கிறது என்று ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். நான் பின்னால் போய் நின்று பிரேக்கை மிதிக்கச் சொல்வேன். பிரேக் லைட் எரியாது. பிரேக் மிதித்த சேதி போனால்தான் லீவரின் பூட்டு திறக்கும். பல வண்டிகளில் அந்தச் சேதியும் பிரேக் லைட்டும் ஒரே சுவிட்ச், ஒரே ஃபியூஸ். அந்த ஃபியூஸோ பிரேக் சுவிட்சோ போனால் கார் பார்க்கிங்கில் சிறைபட்டுவிடும். லீவருக்குப் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்து ஸ்குரூ டிரைவரால் அமுக்கினால் பூட்டு விடுபடும். ரெக்கவரிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. காரோடு வரும் புத்தகத்தில் இது எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் டேஷ்போர்டில் கிடக்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைப் பதிவெண்ணோடு மலிவாக வந்த சில வண்டிகளைப் பார்த்தேன். சீட், கார்ப்பெட் எல்லாம் புதிது. கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் கப்ளரைக் கழற்றினால் பச்சைக் களிம்பு. எல்லாப் பின்களும் ஒரே மாதிரி கெட்டிருக்காது; சாவி ஆஃபில் இருந்தாலும் பேட்டரி மின்சாரம் நிற்காமல் வரும் பின்தான் முதலில் அரித்துப் போகும். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட வண்டியில் ஸ்கேனரை மாட்டினால் எட்டுப் பத்து எண்கள் வரிசையாக வரும். பையன்கள் மிரண்டுபோவார்கள். எனக்கு மாறாக நிம்மதிதான். பத்து உறுப்புகள் ஒரே நாளில் பேசிவைத்துக்கொண்டு கெடுவதில்லை. பத்துக்கும் பொதுவாக இருக்கும் ஃபியூஸ், எர்த், அல்லது கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைன் இவற்றில்தான் கோளாறு இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் ஆறாவது பின்னுக்கும் பதினான்காவது பின்னுக்கும் நடுவில் ஓம்ஸ் பார்த்தால் பெரும்பாலான வண்டிகளில் 60 வர வேண்டும். இரண்டு கோடியிலும் 120 ஓம்ஸ் வீதம் வைத்திருப்பதால் அந்தக் கணக்கு. 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஆல்டர்னேட்டர். அறுபது எழுபது வேகத்தில் கார் லேசாக உதறும். கரடுமுரடான சாலையில் ஓடுகிற உணர்வு. டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் பிடிப்பதும் விடுவதுமாக இருப்பதுதான் காரணம். கன்வர்ட்டரை மாற்றச் சொல்லிவிடுவார்கள், அதற்குப் பெட்டியை இறக்கியே ஆக வேண்டும். நான் ஆல்டர்னேட்டரின் பின் கப்ளரையும் பெல்ட்டையும் எடுத்துவிட்டு, பேட்டரியில் மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்பேன் (அந்த பெல்ட்டிலேயே வாட்டர் பம்பும் ஓடுகிற வண்டி என்றால் கப்ளரை மட்டும்). உதறல் நின்றுவிட்டால் குற்றவாளி உள்ளே இருக்கும் டயோடு. அது கெட்டால் நேர் மின்சாரத்தோடு அலை மின்சாரமும் கசியும். அந்த அலையை டிசிஎம் வேக சென்சாரின் துடிப்பு என்று நினைத்துக்கொள்கிறது. பேட்டரி முனையில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும். பேட்டரி பல்ப் சிவப்பாக எரியாது, சார்ஜும் 14 வோல்ட் சரியாகவே காட்டும். அதனால்தான் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

கியர் ஆயில் வயருக்குள்ளேயே ஏறிப் போகும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். கப்ளர் சீல் கெட்ட ஒரு ஜெர்மன் காரில் கியர் பாக்ஸிலிருந்து மேலே இருந்த டிசிஎம் வரைக்கும் வயரின் இழைகளுக்கு நடுவில் ஆயில் ஏறியிருந்தது. டிசிஎம்மைத் திறந்தபோது போர்டு எண்ணெய்க் குளியலில் இருந்தது. சீல் மாற்றி, கழுவி, காயவைத்து மாட்டினோம். எலி கடித்த கதைகளை எழுத ஆரம்பித்தால் இடம் போதாது.

2014இல் மாருதி செலேரியோவில் ஏஎம்டி வந்த பிறகு, ஆட்டோமேட்டிக் என்பது பணக்கார வீட்டு வண்டி என்ற நிலை மாறிவிட்டது. அது உண்மையில் சாதாரண கியர் பாக்ஸ்தான். கிளட்ச்சையும் லீவரையும் இயக்க ஒரு பம்பும் சில சோலினாய்டுகளும் இருக்கின்றன. எங்களுக்கு அதில் வேலை அதிகம், மேஸ்திரிகளுக்குக் குறைவு. இன்னொரு பக்கம், டிசிஎம்மையும் சோலினாய்டுகளையும் சேர்த்து ஒரே கட்டியாகப் பெட்டிக்குள்ளேயே மூடிவைத்துவிடுகிற வண்டிகள். வெளியே வருவது மின்சாரம், எர்த், கேன் என்று சில வயர்கள் மட்டுமே. உள்ளே ஊசி செருக முடியாது. வெளியே இருக்கும் அந்தச் சிலவற்றை ஒழுங்காக அளந்துவிட்டால், பிறகு உள்ளேதான் கோளாறு என்று கைகாட்டலாம்.

கூலி விஷயம் எப்போதும் சிக்கல்தான். ஒரு முழ வயரையும் ஒரு கிளிப்பையும் மாற்றியதற்கு இவ்வளவா என்று கேட்பார்கள். அதனால் இப்போதெல்லாம் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: கண்டுபிடிப்பதற்கு ஒரு கூலி, சரிசெய்வதற்குத் தனிக் கூலி, கண்டுபிடித்த பிறகு வேறெங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் சரிசெய்துகொள்ளலாம். யாரும் கொண்டுபோனதில்லை.

எனக்குப் பழக்கமான கியர் பாக்ஸ் மேஸ்திரி அண்ணன் ஒருவர், இறக்குவதற்கு முன் வண்டியை என்னிடம் அனுப்புகிறார். நானும் எல்லாவற்றையும் பிடித்துவைத்துக்கொள்வதில்லை. முதலில் ஆயில் ஸ்டிக்கை இழுத்து மோந்து பார்ப்பேன். ஸ்டிக் இல்லாத வண்டியில் கீழே லெவல் போல்ட்டைத் திறந்து சொட்டுப் பிடித்துப் பார்ப்பேன். ஆயில் கறுத்து, கருகிய வாடை அடித்து, விரலில் தேய்த்தால் தட்டின் துகள் நெருடினால் மீட்டரை எடுப்பதில்லை. "அண்ணா, இது உங்க வேலைதான்" என்று போன் போட்டுச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.